பழிச்சொல்லும் ஒப்பந்தப் பத்திரமும்: முத்துக்கரையில் ஓய்வுக்காலக் குடியிருப்பு பற்றிய தப்பெண்ணங்கள்

தூத்துக்குடித் தெரு ஒன்றில் வயதான தம்பதி வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஓய்வுக்காலக் குடியிருப்புக்குப் போய்விட்டால், அடுத்த நாள் கடை வாசலிலும் கோயில் வாசலிலும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: “புள்ளைக கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டாவளாம்.” அவர்கள் தாங்களே விசாரித்து, சேமநிதிப் பணத்தில் இடம் பிடித்து, தாங்களே பெட்டி கட்டிப் போனவர்கள் என்பது அந்தப் பேச்சில் வராது. துபாயிலோ சென்னையிலோ இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் அந்தச் சொல் போய்ச் சேரும், அவர்கள் கூசிப்போவார்கள். அந்தக் கூச்சத்தை முன்கூட்டியே நினைத்துப் பெற்றவர்கள் பல ஆண்டுகள் முடிவைத் தள்ளிப்போட்டும் இருப்பார்கள்.

ஓய்வுக்காலக் குடியிருப்பு பற்றி நம் கரையில் நிலவும் எண்ணங்களை எடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதிப்படுவது இது: நாம் பழிச்சொல்லுக்கு அளவுக்கு மீறிப் பயப்படுகிறோம். ஒப்பந்தப் பத்திரத்துக்கும், படுத்துவிட்டால் யார் பார்ப்பார் என்ற கேள்விக்கும் பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படுவதில்லை.

பழிச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் முதியோரை வைத்துப் பராமரிக்கும் இடம் என்பது பஞ்சத்திலும் அறத்திலும் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை மக்கள் நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882இல் கல்கத்தாவுக்கு வந்தது. பின்னர் சென்னையிலும் இல்லம் திறந்தது. வீடு வீடாகப் பிச்சை கேட்டு முதியோருக்குச் சோறிட்ட சபை அது. நம் கரையிலோ இன்னும் பழைய கதை: 16ஆம் நூற்றாண்டிலேயே புன்னைக்காயலில் இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகள் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்தினார். இவை எல்லாமே யாருமற்றவருக்காகத் திறந்த கதவுகள். ஆகவே ‘இல்லம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் யாருமற்றவர் முகம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்த முகத்தைப் பணம் கொடுத்துக் குடியேறிய ஓய்வுபெற்ற கணக்கர் மீதும் ஆசிரியை மீதும் ஒட்டுவதுதான் பிழை.

ஓய்வுக்காலக் குடியிருப்பு பிறந்த இடம் வேறு. 1960 ஜனவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் டெல் வெப் என்ற கட்டுமான அதிபர் சன் சிட்டியைத் திறந்து வைத்தார். முதல் சில நாட்களிலேயே ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். குழந்தைகள் இல்லாத ஊர், நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம் என்று உடம்பில் தெம்பு உள்ள முதியவர்களுக்கு ஒரு வாழ்க்கை முறையை விற்றார் அவர். தமிழ்நாட்டில் அந்த எண்ணம் கோயம்புத்தூரில் வேர்பிடித்தது. மிதமான வெயில், பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருந்தன. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஏ. ஸ்ரீதரன் போன்றவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கட்டிய குடியிருப்புகள்தான் மற்றவர்களுக்கு வழிகாட்டின. ஒரே வளாகத்தில் சிறு வீடுகள், பொதுச் சமையலறை, படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம், குளியலறையில் கைப்பிடி, அழைப்பு மணி, பகலில் ஒரு செவிலியர், வாசலில் ஆம்புலன்ஸ். குடியேறுவதற்குப் பெரும்பாலும் 55 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கலாம். சில இடங்களில் வைப்புத்தொகை கட்டி ஆயுள்வரை இருக்கலாம். சில இடங்களில் வாடகை. கைவிடப்பட்டவர் என்ற சொல் இந்த வாழ்க்கையில் எங்கும் பொருந்தாது.

“நம்ம வழக்கத்துலயே இது இல்லையே” என்பது அடுத்த பேச்சு. முன்னோர் எல்லாரும் மகன், மருமகள், பேரன் சூழக் கூட்டுக் குடும்பத்தில் கண்மூடினார்கள் என்ற ஒரு சித்திரம் நம் மனதில் இருக்கிறது. இந்தக் கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஓடிய காலத்தில் ஆண்கள் அக்கரையில் கடை வைத்தார்கள், கணக்கு எழுதினார்கள், சரக்குத் தோணியில் போய்வந்தார்கள். தாயும் மனைவியும் இக்கரையில் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். மகன் அருகில் இல்லாத முதுமை இங்கே மூன்று தலைமுறைப் பழக்கமாவது இருக்கும்.

காயல்பட்டினத்தைப் பாருங்கள். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வது மரபு. கணவர்கள் வணிகத்துக்காகக் கடல் கடந்து போனாலும், தாய் தன் மகள்களோடும் சகோதரிகளோடும் ஒரே தெருவில் மூப்படைவாள். முதுமையில் மகன் வீடுதான் போக்கிடம் என்பது தமிழ்ப் பண்பாடு முழுமைக்கும் பொதுவான விதி என்று சொல்பவர்களுக்கு, திருச்செந்தூரில் இருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனாலே விடை கிடைக்கும்.

அதைவிட அண்மைய சான்று ஒன்று உண்டு. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டபின் தூத்துக்குடி குவார்ட்டர்ஸ்களின் ஊரானது. துறைமுகக் குடியிருப்பு, ஸ்பிக் நகர், அனல்மின் நிலையத்தின் கேம்ப் 1, கேம்ப் 2, ஆறுமுகநேரிக்கு அருகில் டி.சி.டபிள்யூ ஆலையின் சாகுபுரம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முப்பது ஆண்டுகள் வளாகத்துக்குள் வாழ்ந்தன. ஒரே சுவருக்குள் பள்ளி, மருந்தகம், மனமகிழ் மன்றம், விளையாட்டு மைதானம், பூஜை, கிறிஸ்துமஸ் குடில். பக்கத்து வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறார்கள்; புதிதாக மனை போட்ட நகரில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, இரண்டு மாடி வீடு கட்டுகிறார்கள். எழுபது வயதில் மாடிக்கு ஏற முடியாது. பிள்ளைகள் அதற்குள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார்கள். வளாக வாழ்க்கை இவர்களுக்கு அந்நியமானதே இல்லை. உழைத்த காலத்தில் கிடைத்த சூழலை ஓய்வுக்காலத்தில் இழந்தவர்கள் இவர்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் தனியாக வாழ்பவர்கள் ஆறு விழுக்காட்டை ஒட்டி இருப்பதாக 2017-18இல் நடந்த தேசிய முதுமை ஆய்வு சொன்னது. கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் அந்தக் கணக்கில் வராது. நம் நகரில் மாலை ஆறு மணிக்கே கதவைப் பூட்டிக்கொள்ளும் வீடுகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைதான்.

இனி, பயப்பட வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

போகிறவர்கள் பலர் நம்பிப் போகும் முதல் தப்பெண்ணம், அங்கே வைத்தியம் எல்லாம் சேர்த்தே கிடைக்கும் என்பது. விளம்பரத்தில் வெள்ளைச் சீருடைச் செவிலியர் படம் இருக்கும். உண்மையில் பெரும்பாலான குடியிருப்புகள் ‘சுயமாக வாழ்பவர்களுக்கு’ மட்டுமே கட்டப்பட்டவை. ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மருத்துவர் வாரத்தில் சில நாள் வருவார், நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் குளிக்கவும் உடுத்தவும் ஆள் வேண்டும். அதற்கும் அடுத்தது படுக்கையில் கிடப்பது. இன்னொன்று மறதி நோய். இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு. சில வளாகங்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் இல்லை. அங்கே நீங்களே ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும். எண்பத்திரண்டு வயதில், மனைவியை அடையாளம் தெரியாத நிலையில், மறுபடி வீடு மாறுவது எத்தனை கொடுமை என்று எண்ணிப் பாருங்கள்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமானம் எதுவானாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டில் உடம்பு துடைத்துவிட்டு, சோறூட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் ஆளுக்கு அதில் இடமில்லை. தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் அப்படியே. முதுமையில் குடும்பங்களை முறிக்கும் செலவு அறுவைச் சிகிச்சையால் வருவதைவிட, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஆளின் சம்பளத்தால் வருவதே அதிகம் என்பது என் கருத்து.

இன்னொரு தப்பெண்ணம் பணம் பற்றியது: “வாங்கியாச்சு, இனி மாசம் கொஞ்சம்தான்.” வீட்டு விலை ஒருமுறைச் செலவு, மாதப் பராமரிப்புக் கட்டணமோ உயிருள்ளவரை. சமையல்காரர், காவலர், செவிலியர், தோட்டக்காரர் என்று வளாகத்தின் செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம் என்பதால் அது ஏறிக்கொண்டே போகும். துறைமுகத்தில் வேலைபார்த்தவருக்கு அகவிலைப்படியோடு ஓய்வூதியம் உண்டு. அவர் ஒருவாறு ஈடுகொடுப்பார். தனியார் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்தவர் கையில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 தரும் தொகை இருக்கிறது. அதன் குறைந்தபட்சம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அவர் வங்கி வட்டியை நம்பி இருக்கிறார். வட்டி இறங்கும், கட்டணம் ஏறும். பத்தாம் ஆண்டில் அந்த இரண்டு கோடுகளும் எங்கே நிற்கும் என்று கணக்குப் போடாமல் கையெழுத்திடக் கூடாது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது. கட்டியவர் ஒருவர், சமையலும் மருத்துவ உதவியும் நடத்துபவர் இன்னொருவர் என்று இருக்கும் வளாகங்களில், நடத்துபவர் விலகிப்போனால் என்ன நடக்கும்? மிஞ்சுவது ஊருக்கு வெளியே ஒரு சாதாரண அடுக்குமாடி. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால வீடுகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, கட்டுநர், நடத்துநர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்றது இதற்காகத்தான். ஆனால் அது மாதிரிதான். மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் பிடிமானம். வாங்கியவர் காலமானபின் வீடு வாரிசுக்குப் போகும். ஆனால் அந்த வாரிசுக்கு 55 ஆகாவிட்டால் அங்கே குடியிருக்க முடியாத விதி பல இடங்களில் உண்டு. வைப்புத்தொகை கட்டிய இடமென்றால் எவ்வளவு திரும்பும், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டு மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் என்று ஆறு மாதம் அலையும் நம்மவர்கள், இந்த ஒப்பந்தத்தை மட்டும் பிள்ளை அனுப்பிய பிடிஎஃப்பில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதற்கெல்லாம் அப்பால், எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒன்று இருக்கிறது: கரை. கோவைக் குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையல் சைவம். அறுபது ஆண்டுகள் சாளையும் விளமீனும் நெத்திலிக் கருவாடும் இல்லாமல் சோறு இறங்காத நாக்குக்கு அது சின்ன விஷயமில்லை. உணவு பிடிக்காமல் குறைத்துச் சாப்பிட்டு உடம்பு இளைக்கும் முதியவர்கள் உண்டு. அதைப் பிடிவாதம் என்று பிள்ளைகள் கடிந்துகொள்கிறார்கள். அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. வளாகத்தைத் தேர்ந்தவர்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்க்காததன் விளைவு அது. ஜூலை இறுதியில் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும் பனிமய மாதா திருவிழா அங்கே இல்லை. திருச்செந்தூர்ச் சஷ்டிக்கு நடந்துபோகும் கூட்டம் வாசலைக் கடந்து போகாது. வாடை எப்போது மாறும், கச்சான் எப்போது எழும்பும் என்று பேச ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடக்கம். பரதர் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தன் ஊர்க் கல்லறைத் தோட்டம், காயல்பட்டினத்தாருக்கு ஜமாஅத்தின் மையவாடி. மூத்தவர்கள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்; முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கும்போது மனதின் அடியில் கிடக்கும் கவலை அதுதான். பிள்ளைகள் தாமாக அந்தப் பேச்சை எடுத்து, என்ன செய்வோம் என்று சொல்லிவிட்டால் முதியவர் முகம் தெளிந்துவிடும்.

‘பணக்காரருக்கு மட்டும்தான்’ என்ற எண்ணம் இருக்கிறதே, அதைத் தப்பெண்ணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமளவு அது உண்மை. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அன்று இருபது வயதில் மூச்சடக்கி இறங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். சங்குகுளித்துக் காது போனவர்கள், உப்பளத்தில் வெள்ளைப் பரப்பின் கூசும் வெளிச்சத்திலேயே வேலை செய்து பார்வை மங்கிய பெண்கள், சுமை தூக்கி முதுகு வளைந்தவர்கள் எல்லாம் இதே ஊரில்தான் மூப்படைகிறார்கள். சென்னை மாநிலம் என்ற பெயரில் இருந்த காலத்திலேயே, 1962இல், முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. அந்தத் தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். அதை வைத்துக்கொண்டு எந்தக் குடியிருப்பின் வாசலையும் மிதிக்க முடியாது.

இவர்களுக்கும் வழி செய்ய முடியும் என்பதற்குக் கடலூரில் ஒரு சான்று இருக்கிறது. 2004 சுனாமியில் ஆதரவிழந்த முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் நூறு பேர் அளவில் கட்டணமின்றி வாழ்கிறார்கள். நீண்ட கூடத்தில் வரிசைக் கட்டில் போடாமல் சிறு வீடுகளாகக் கட்டி, முதியோரையே நிர்வாகத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். சமூகமாக வாழ்வதன் சாரத்தை ஏழைகளுக்கும் கொடுக்கலாம் என்று அது காட்டியது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தபிறகு மாவட்டந்தோறும் 150 பேருக்கு அரசு இல்லம் கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு மாநில அரசுக்கு அப்படி அமைக்க அதிகாரம் தருகிறதே தவிர, அமைத்தே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்தவில்லை. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்று மதிப்பிட்டார்கள். 2031இல் அது 18.2 ஆகும். கட்டாயமில்லாத ஒரு பிரிவை நம்பி அந்த ஆண்டை எதிர்கொள்வது சரியல்ல.

அதே சட்டம் பற்றிய இன்னொரு நம்பிக்கையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புக்குப் போகுமுன் ஊர் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிவிட்டால், பின்னால் அவர்கள் கவனிக்காவிட்டாலும் 23ஆம் பிரிவைக் கொண்டு மீட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். பராமரிப்பேன் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே சொத்து கைமாறியது என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பிரிவு உதவும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு சட்டத்தை முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டு, சொத்தைத் தீர்ப்பாயமே மீட்டு ஒப்படைக்கலாம் என்றது. அங்கும் நிபந்தனை எழுத்தில் இருந்தது. எழுதுவதானால் நிபந்தனையோடு எழுதுங்கள். உயில் போதுமென்றால் உயிலோடு நிறுத்துங்கள்.

நம் கரைக்கு வேண்டியது இந்தக் கரையிலேயே ஒரு வளாகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள் இருக்கிறது. வாகைக்குளம் விமான நிலையம் புது முனையத்தோடு பெரிதாகியிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்துபோவது எளிது. வளாக வாழ்க்கை பழகிய ஆயிரக்கணக்கான ஓய்வூதியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மீன் சமைக்கும் அடுக்களை, படுக்கையில் கிடப்பவருக்கும் அதே வளாகத்தில் ஒரு பகுதி, உப்பளத் தொழிலாளிக்கும் சங்குகுளித்தவருக்கும் அரசும் ஆலைகளும் கட்டணம் ஏற்கும் சில வீடுகள்: இந்த மூன்றும் இருந்தால் போதும், பெயர் என்ன வைத்தாலும். பகல் பொழுதில் முதியோர் கூடியிருக்க 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அன்புச்சோலை மையங்கள் ஒரு தொடக்கம். வீட்டிலேயே இருக்க விரும்புவோருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் வாசலுக்குக் கொண்டுவருகிறது.

அதுவரை கோவைக்கோ வேறெங்கோ போவதென்று முடிவெடுத்தவர்கள் முதலில் தங்கிப் பார்க்க வேண்டும். பல வளாகங்களில் விருந்தினர் அறையிலோ வாடகை வீட்டிலோ சில வாரங்கள் இருக்க இடம் தருகிறார்கள். அழைப்பு மணியை இரவு இரண்டு மணிக்கு அழுத்திப் பாருங்கள். யார் வருகிறார், எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று தெரியும். பத்து ஆண்டாக இருப்பவரைத் தேடிப் பிடித்து, நுழைந்த ஆண்டில் மாதக் கட்டணம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். அங்கே படுக்கையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அப்படி ஒருவருமே இல்லையென்றால், அந்த நிலைக்கு வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். தூத்துக்குடி வீட்டை அதற்குள் விற்றுவிட வேண்டாம். ஓராண்டாவது வாடகைக்கு விட்டு வையுங்கள்.